இருபத்திரண்டில் இரண்டு

மார்ச் 14, வியாழன். காலை 5.50.
நேற்றைய வேலையில் ஒரு சின்னத் தவறு. நட்டும் போல்ட்டுமாக இறுக்க வேண்டியது மொத்தம் இருபத்திரண்டு. நோட்டில் இருபதுக்குத்தான் டிக் இருக்கிறது. அப்பா உட்காரும் பக்கத்து முன்சக்கரத்தில், ஷாக் அப்சார்பரின் அடியில் வரும் இரண்டு நட்டுக்கும் டிக் இல்லை. இறுக்கிய மாதிரியும் ஞாபகம், இறுக்காத மாதிரியும் ஞாபகம். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டிலும் சிவப்பு இருந்தது. ஆகவே இறுக்கியிருக்கிறேன். டிக் போட மறந்தது என் தவறு. இனிமேல் டிக் போடாமல் அடுத்த நட்டுக்குப் போகக் கூடாது.

எழுதி முடித்ததும் ‘என் தவறு’ என்ற இரண்டு சொற்களுக்கும் அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். தவறை ஒப்புக்கொண்டால் மனசு லேசாகும் என்பார்கள். இவளுக்கு அப்படி ஒருநாளும் ஆனதில்லை. ஒப்புக்கொண்ட தவறுக்குப் பின்னால் ஒப்புக்கொள்ளாத தவறு ஒன்று ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பதாகவே தோன்றும்.

பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எறும்புத் தலை அளவு ஸ்க்ரூக்களை முடுக்கி, கண்ணாடியை ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பாள். வாரத்தில் மூன்று மாலை, கார் மெக்கானிக் வகுப்பு. எட்டு மாதமாகப் போகிறாள். அங்கே அவளுக்கு ‘நோட்டு’ என்று பெயர். வைத்தவர் அவளுடைய மேசைக் கூட்டாளியான பேக்கரி அண்ணன். விடியற்காலையில் ரொட்டி சுட்டு, மதியம் தூங்கி, மாலையில் வகுப்புக்கு வரும் ஐம்பது வயது மனிதர். தன்னுடைய வேனை வைத்து மெக்கானிக்குகள் ஏமாற்றித் தின்கிறார்கள் என்ற கோபத்தில் சேர்ந்தவர். எட்டு மாதத்தில் ஸ்பேனர் எது, ஸ்க்ரூடிரைவர் எது என்பதில் சந்தேகம் இல்லாமல் ஆகியிருந்தார். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை.

“மாஸ்டர் தும்மினாக்கூட இந்தப் பொண்ணு தேதி போட்டு எழுதிக்குது” என்று அவர்தான் முதல் வாரமே சொன்னார். பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. அக்காவும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இந்தக் கார் வேலையில் அவள் இறங்கியது அப்பாவுக்காக. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறியவர் கீழே விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி செய்ய வேண்டும். ஒரு மணி நேரப் பாதை. வீட்டில் இருப்பதோ பதினேழு வயசுக் கார். குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் நான்கும் எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்தன. சீட்டில் உட்கார்ந்தால் கம்பி முதுகை விசாரிக்கும். அப்பா வாய் திறந்து வலிக்கிறது என்று சொல்லமாட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும், “இன்னைக்கு நாப்பத்தோரு பள்ளம்மா. போன வாரத்தைவிட ரெண்டு கூட” என்று கணக்கு மட்டும் சொல்வார். சொல்லும்போது மேலுதடு வேர்த்திருக்கும்.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுக்குப் போனாள். அதே கம்பெனியின் பெரிய மாடல் ஒன்று, பின்பக்கம் நசுங்கி, முன்பக்கம் மூக்கும் முழியுமாக நின்றுகொண்டிருந்தது. ஸ்பிரிங்கோடு சேர்ந்த முன் ஷாக் இரண்டு, பின் ஷாக் இரண்டு, முன் சீட்டு இரண்டு. மூன்று தடவை போய் அளவெடுத்தாள். ஷாக்கை நிமிர்த்தி வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அமுக்கி, அது எழுந்து வர எத்தனை நொடி ஆகிறது என்று எழுதினாள். யார்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“எம்மா, நான் என் பொண்டாட்டியைப் பார்க்கப் போனப்பகூட இவ்வளவு விசாரிக்கலை. எடுத்துக்கிறியா, இல்ல அதுக்கு ஜாதகம் எழுதப் போறியா?”

“கசிவு இருக்கான்னு பார்க்கிறேங்க.”

“கசிஞ்சா நானே வந்து துடைச்சு விடறேன். தூக்கு!”

தூக்கினாள். சீட்டு ஒன்றின் ஓரம் கிழிந்திருந்தது. அப்பா தையல்காரர். நடக்க முடியாதே ஒழிய, கை சும்மா இருக்காது. கட்டிலில் சாய்ந்தபடியே வளைந்த ஊசியால் நான்கு நாள் தைத்தார். தைத்த இடம் எதுவென்று அவரே தேடும்படி இருந்தது. “என் இடுப்பைத் தைச்ச டாக்டர் இதைப் பார்க்கணும். வெட்கப்படுவார்” என்றார்.

மாஸ்டரின் வகுப்பில் ஒரு கட்டாயம் உண்டு. முதலில் எல்லா நட்டையும் கையால் ஏற்றிவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக டார்க் ரெஞ்சைப் போட்டு, சரியான இறுக்கம் வந்துவிட்டது என்று அது ‘கிளிக்’ சத்தம் கொடுக்கும்வரை இறுக்க வேண்டும். கிளிக் கேட்டதும் நோட்டில் டிக். டிக் போட்டதும், நட்டின் மேல் தொடங்கிப் பக்கத்து இரும்புவரை நீளும்படி பெயின்ட்டால் ஒரே கோடு. நாளைக்கு நட்டு நூலளவு சுழன்றாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். அவளிடம் பெயின்ட் பேனா இல்லை. அக்கா வாங்கிப் பிடிக்காமல் ஒதுக்கிய சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது. அது போதும் என்று மாஸ்டரே சொல்லியிருந்தார்.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு. வாசலில் காரை ஜாக்கியில் ஏற்றி, தாங்குகால் வைத்து, பின்பக்கம் முடித்தாள். சீட்டு முடித்தாள். ஓட்டுபவர் பக்கம் முடித்தாள். அப்பா பக்கத்தில் மேலே மூன்று நட்டும் முடிந்தன. அடியில் இரண்டையும் கையால் ஏற்றியபோது கடையிலிருந்து முதலாளி போன் செய்தார். யாருடைய கண்ணாடியோ யாருடைய டப்பாவிலோ போய்விட்டது. “எந்த டப்பால வெச்சே? யோசிச்சு சொல்லு. கஸ்டமர் என் எதிர்ல கண்ணு தெரியாம நிக்கிறார்!” என்று இருபது நிமிடம். அக்கா அந்த நேரம் முழுக்க வாசலில், கழற்றிப் போட்ட பழைய சீட்டில் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். இவள் திரும்பி வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. குனிந்து பார்த்தாள். இரண்டிலும் சிவப்பு. சக்கரத்தை மாட்டினாள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வண்டி பூனை மாதிரி நடந்தது.

இதெல்லாம் நேற்று.

இன்று காலை ஏழு இருபதுக்கு அக்கா அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். அப்பா புது சீட்டில் உட்கார்ந்து, ஒரு தடவை துள்ளிப் பார்த்துவிட்டு, “ராஜா மாதிரி இருக்கு. நாட்டை மட்டும் யாராவது குடுத்தா போதும்” என்றார். அக்கா கைப்பையைப் பின் சீட்டில் எறிந்தாள். அதற்குள்தான் போன். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது, சத்தத்தையும் அணைத்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். போட்டவள் தங்கைதான்.

ஏழு ஐம்பதுக்கு அவள் கடைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அம்மா அப்பாவின் சட்டையை இஸ்திரி போட்டபடி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

“என்னதான் சொல்லு, உங்க அக்கா சோம்பேறின்னு நீ சொல்லக் கூடாது. நேத்து நீ போன்ல மாட்டிக்கிட்டு இருந்தப்ப, மிச்சம் இருந்த ரெண்டுக்கும் அவதான் பாலிஷ் பூசி விட்டா.”

சீப்பு பாதித் தலையில் நின்றது.

“எதுக்கும்மா பூசினா?”

“எதுக்குன்னா? துருப்பிடிக்காம இருக்கத்தானே நீ எல்லாத்துக்கும் பூசிட்டு வந்தே? பாவம், ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு...”

ஓடிப் போய் நோட்டை எடுத்தாள். காலையில் எழுதியது அங்கே இருந்தது, அவள் கையெழுத்தில், கோணல் இல்லாமல். ‘இரண்டிலும் சிவப்பு இருந்தது.’ கோடு இருந்தது என்று எழுதவில்லை. டார்ச் வெளிச்சத்தில் என்ன பார்த்தோம் என்று கண்ணை இறுக மூடி யோசித்தாள். சிவப்பு. சிவப்பு மட்டும். நட்டு முழுக்க, விரல் நகத்துக்குப் பூசுவது போல, ஓரம் பிசகாமல். அப்போதே அது கண்ணில் பட்டிருக்கிறது. மனசு நிம்மதி தேடிக்கொண்டிருந்ததால் கண் அதைச் சொல்லவில்லை.

அந்த இரண்டு நட்டுதான் ஷாக்கையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிப்பவை. ஒன்று கழன்றால் சக்கரம் சாயும். இரண்டும் கழன்றால் சக்கரம் தன் வழியே போகும், வண்டி தன் வழியே போகும். அப்பா இரண்டுக்கும் நடுவில், தகடு வைத்த இடுப்போடு.

அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி போட்டாள். செய்தி அனுப்பினாள்: வண்டியை ஓரம் கட்டு. உடனே. அப்பாவுக்குப் போட்டாள். சமையலறையில், சார்ஜரில் குத்தியபடி, அப்பாவின் போன் ஆனந்தமாகப் பாடியது.

“என்னடி ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?”

“அந்த ரெண்டும் இறுக்கலைம்மா. கையால மாட்டினதோட சரி.”

அம்மாவுக்கு நட்டு தெரியாது, போல்ட்டு தெரியாது. மகளின் குரல் தெரியும். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்க மறந்துவிட்டாள். சட்டை கருகும் வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேரும் குதித்தார்கள்.

கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஆனாலும் பழக்க தோஷம், பையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். டார்க் ரெஞ்சு. சாக்கெட்டு. ஸ்பேனர். டார்ச். நோட்டு. பேக்கரி அண்ணனை அழைத்தாள். அவர் வேனில்தான் இருந்தார். காலை நேரம் கடை கடையாக ரொட்டி இறக்கும் நேரம்.

“அண்ணா, உங்க வேன்ல ஜாக்கி இருக்கா?”

“இருக்கு. ஏன், யாரைத் தூக்கணும்?”

அவள் சொன்னாள். அடுத்த பத்தாவது நிமிடம் வேன் வாசலில் நின்றது.

வேனின் ஷாக் அப்சார்பர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே மரியாதை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் பன் தட்டுகள் எழுந்து உட்கார்ந்தன. ஐம்பதைத் தாண்டினால் கதவு தானாகத் திறக்கப் பார்த்தது. அவள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் அக்காவின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

“எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க?”

“ஏழு இருபது.”

“அப்ப பாலத்தைத் தாண்டியிருப்பாங்க. கவலைப்படாதே நோட்டு. நைலான் நட்டுதானே போட்டே? உள்ள வளையம் இருக்கும்ல, அது சுலபமா விடாது. மாஸ்டர் சொன்னார்.”

“மாஸ்டர் அப்படிச் சொல்லலை. வளையத்தை நம்பாதேன்னுதான் சொன்னார். நவம்பர் மாசம், ரெண்டாவது வாரம்.”

“தேதி வேற சொல்றே! ஆறுதல் சொன்னா வாங்கிக்கத் தெரியுதா உனக்கு?” என்றார் அவர். பிறகு வேகத்தைக் கூட்டினார். பின்னாலிருந்து பன் வாசனை வந்தது.

அவள் சாலையின் இரண்டு ஓரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நீல வண்டி எது கண்ணில் பட்டாலும் நெஞ்சு திக்கென்றது. நீல நிறத்தில் இத்தனை கார்களா ஓடுகின்றன? முந்தாநாள்வரை ஒன்றுகூடத் தென்பட்டதில்லை. தான் எதற்கு இந்த வகுப்பில் சேர்ந்தோம் என்று நினைத்தாள். நாற்பத்தோரு பள்ளத்தையும் பல்லைக் கடித்துத் தாண்டி அப்பா வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். வந்துகொண்டிருந்தார் அல்லவா? பழைய ஷாக் கசிந்ததே தவிர, யாரையும் கொல்லவில்லை.

பாலத்தின் இறக்கத்தில் கூட்டம் தெரிந்தது. ஓரமாக ஒரு நீலக் கார், முன்பக்கம் சாய்ந்து நின்றது. ஆட்கள் சுற்றி நின்று உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா...”

“பார்த்துட்டேன், பார்த்துட்டேன்.”

வேன் நிற்பதற்குள் இறங்கி ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. கூட்டத்தை விலக்கி உள்ளே போனால், காரின் மறுபக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பஞ்சர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“என்னம்மா, ஸ்டெப்னி வெச்சிருக்கியா?”

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. “இல்லைங்க” என்று சொல்லிவிட்டு ஒற்றைச் செருப்போடு திரும்பினாள். பேக்கரி அண்ணன் மற்றதைக் கையில் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். வேனில் ஏறியதும் அவர் ஒரு பன்னை எடுத்து நீட்டினார். அவள் அதைத் தின்னாமல் உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள், அமுக்கினாள். பன் மெல்ல மெல்ல எழுந்து வந்தது. எத்தனை நொடி என்று மனசு தன் பாட்டுக்கு எண்ணியது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்பதே கால். வண்டி நிறுத்தும் இடத்தில், மூன்றாவது வரிசைக் கடைசியில், நீலக் கார் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. நான்கு சக்கரமும் இருந்தன. அவள் முன்சக்கரத்தின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எழுந்திரு. உட்கார்ற நேரமா இது? ஜாக்கியை எங்க வைக்கணும் சொல்லு” என்றார் பேக்கரி அண்ணன்.

சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்ததும் காவலாளி வந்துவிட்டார்.

“ஹலோ, ஹலோ! இங்க ரிப்பேர் எல்லாம் பண்ணக் கூடாது. இது ஆஸ்பத்திரி.”

“அதனாலதாங்க இங்கயே பண்றோம். ஏதாவது ஆச்சுன்னா உள்ள தூக்கிட்டுப் போக வசதியா இருக்கும்” என்றார் பேக்கரி அண்ணன். சொல்லிவிட்டு வேனுக்குப் போய் ஒரு கவர் நிறைய பன் எடுத்து வந்தார். காவலாளி கவரைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், “பத்து நிமிஷம்” என்றார்.

சக்கரம் வெளியே வந்தது. டார்ச் அடித்தாள். இரண்டு நட்டும் சிவந்து மின்னின. அக்காவின் நகங்களைவிட அழகாக. கோடு இல்லை. இரண்டில் மேலே இருந்த நட்டில் ரெஞ்சைப் போட்டாள். கிளிக் கேட்க ஒன்றரைச் சுற்று ஆனது. கீழ் நட்டைக் கையால் தொட்டாள். கையோடு அசைந்தது. போல்ட்டே ஓட்டைக்குள் ஆடியது. அது உராய்ந்த இடத்தில் இரும்பு வெள்ளி மாதிரிப் பளபளத்தது. நைலான் வளையம் ஒன்றுதான், பல்லால் கவ்விய மாதிரி, அந்த நட்டை விடாமல் பிடித்து இத்தனை தூரம் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

இறுக்கினாள். ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நான்கு. கிளிக்.

நோட்டைத் திறந்து இரண்டுக்கும் டிக் போட்டாள்.

பேக்கரி அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “முடிஞ்சுதுல்ல? சக்கரத்தை மாட்டு, கிளம்பிடலாம். அவங்க வெளிய வர இன்னும் நேரம் இருக்கு. வந்ததே தெரிய வேண்டாம். எதுக்கு வீணா ஆளுக்கு ஆள் பயந்துக்கிட்டு?”

அவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. நட்டு இறுகிவிட்டது. அம்மாவிடம் வீணாகப் பதறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்பா தைத்த சீட்டு, அப்பாவின் ராஜா பேச்சு, எதுவும் கெடாது. ஆனால் அந்தப் பளபளப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. போல்ட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எத்தனை தூரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காலையில் ஒரு தடவை எழுதியாகிவிட்டது.

சக்கரத்தை மாட்டி நிமிர்ந்தபோது எதிரே அக்கா நின்றாள். பக்கத்தில் ஊன்றுகோலோடு அப்பா.

“ஏய் நோட்டு! கடைக்குப் போகாம இங்க என்னடி பண்றே? யாருதுடி இந்த வேன்?”

“போனை ஏன் எடுக்கலை?”

“எடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே? இறங்கினதும் அப்பாவைப் பிடிக்கவா, பையைத் துழாவவா? இப்பதான் பார்த்தேன், இருபத்தேழு மிஸ்டு கால். வீட்டுக்குத் திருப்பி அடிச்சா அம்மா சட்டை எரிஞ்சுது, சட்டை எரிஞ்சுதுன்னு அழறாங்க. ஒண்ணும் புரியலை, பயந்துபோய் ஓடி வரோம்.”

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், வரிசையாக, டிக் இல்லாததிலிருந்து நட்டு கையோடு ஆடியதுவரை. சொல்லச் சொல்ல அக்காவின் முகம் வெளிறிப்போனது.

“நான் பூசினதாலயா?”

“நீ பூசினதால இல்லை. அது என்னன்னு உனக்கு நான் சொல்லவே இல்லை. காலையில டார்ச் அடிச்சுப் பார்த்துட்டும் விட்டது நான்.”

“துருன்னு நினைச்சேண்டி... அழகா வேற பூசினேன்.”

“அழகாத்தான் இருக்கு” என்றார் பேக்கரி அண்ணன்.

அப்பா ஊன்றுகோலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். “பாலத்துக்கு அப்புறம் கீழேருந்து டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு” என்றார்.

“எனக்குக் கேட்கவே இல்லையே!” என்றாள் அக்கா.

“நீதான் பாட்டு போட்டு, கூடவே பாடிக்கிட்டு வந்தியே. எனக்குக் கேட்டுச்சு. புதுச் செருப்பு கொஞ்ச நாள் கடிக்கிற மாதிரி, புது ஷாக்கும் பழகற வரைக்கும் சத்தம் போடும்போலன்னு விட்டுட்டேன். சொன்னா சின்னவ ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம நோட்டைப் புரட்டிக்கிட்டு இருப்பான்னு...” நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். “சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருக்கணும்ப்பா.”

“சரி. இப்ப ஏறலாமா?”

ஏறலாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. காலையிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தையாவது அவருக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

“வேண்டாம்ப்பா. நட்டு இறுக்கிட்டேன். ஆனா போல்ட்டு தேய்ஞ்சிருக்கு. எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியலை. மாத்தற வரைக்கும் இதுல யாரும் ஏற வேண்டாம்.”

அப்பா காரின் ஜன்னல் வழியாக சீட்டைப் பார்த்தார். தான் தைத்த ஓரத்தில் கண் ஒரு கணம் நின்றது. “வரும்போது பள்ளத்தை எண்ணவே இல்லைடி” என்றார். “எண்ணணும்னு தோணவே இல்லை.”

டாக்ஸி பிடிக்கலாம் என்றாள் அவள். பேக்கரி அண்ணன் கேட்கவில்லை. முன் சீட்டில் நான்கு மாவுச் சாக்கை மடித்துப் போட்டு, மேலே தன் சால்வையைப் போட்டு, “மெதுவா, சுத்து வழியா போறேன். அந்த ரோடு புதுசா போட்டது” என்றார். அப்பாவுக்கும் பன் வாசனை பிடித்துவிட்டது. அக்காவும் அவளும் பின்னால் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். காவலாளியிடம் நாளை மதியம்வரை காருக்கு இடம் சொல்லிவைத்தார்கள். அதற்கு இன்னொரு கவர் பன் ஆனது.

புதிதாகப் போட்ட ரோடு பாதி தூரத்தில் தீர்ந்துபோனது. அக்கா ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேன் ஒரு முறை தூக்கிப் போட்டபோது முன்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

“பதினெட்டு.”

“அப்பா, வலிக்குதா?” என்றாள் அவள்.

“வலிக்குது” என்றார் அப்பா. முதல் தடவையாகச் சொன்னார். “அண்ணே, கொஞ்சம் மெதுவா.”

மார்ச் 14, மாலை 6.30.
காலையில் எழுதியது தவறு. டிக் போட மறந்தது என் தவறு இல்லை. டிக் இல்லை என்று தெரிந்தும் ரெஞ்சைப் போட்டுப் பார்க்காததுதான் தவறு. மேல் நட்டு ஒன்றரைச் சுற்று, கீழ் நட்டு நான்கு சுற்றுத் தளர்வு. அப்பா வீட்டில் இருக்கிறார். பள்ளம் அறுபத்து மூன்று. மாத்திரை போட்டுப் படுத்திருக்கிறார். கடையில் நாளைக்கும் விடுப்புச் சொல்லியாகிவிட்டது, முதலாளிக்குக் கோபம். அக்கா நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தாள், ‘கிளிக்’ என்றால் என்ன என்று கேட்டாள், சொன்னேன்.

நாளை: காலை எட்டுக்கு உதிரிபாகக் கடை. புதுப் போல்ட்டு இரண்டு, நைலான் நட்டு இரண்டு. அக்காவோடு பஸ்ஸில் ஆஸ்பத்திரி. பேக்கரி அண்ணன் ஒன்பது மணிக்கு ஜாக்கியோடு வருகிறார். போல்ட்டு இரண்டையும் மாற்ற வேண்டும். போல்ட்டு ஓட்டை அகன்றிருக்கிறதா என்று அளக்க வேண்டும். அகன்றிருந்தால் வண்டியை எடுக்கக் கூடாது, மாஸ்டரைக் கூப்பிட வேண்டும். பிறகு சிவப்பு முழுவதையும் துடைத்துவிட்டு இருபத்திரண்டையும் முதலிலிருந்து. நான் இறுக்குவேன். கிளிக் கேட்டால் அக்கா டிக் போடுவாள். கோடு மட்டும் நான் போடுவேன்.